'குறைபாடு ஏதுமில்லை' என்று எழுதி அனுப்பவா? அரசுத் திட்டம் எதுவாவது தன்னைத் தானே திருத்திக்கொண்டது உண்டா?

வட்டார உதவியாளர் கேட்டது:

வணக்கம். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. போன வாரம் மாவட்டத் தலைநகரில் பயிற்சி என்று கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு 'அரசுத் திட்டங்களில் தொடர் மேம்பாடு'. காலையில் டொயோட்டா கார் கம்பெனி கதை, ஒரு குறைக்கான காரணங்களைக் கிளை கிளையாக வரையும் மீன் முள் படம், அப்புறம் திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்று ஒரு வட்டம். சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு படிவம். இனி மாதாமாதம் நிரப்பி அனுப்ப வேண்டுமாம். 'கண்டறியப்பட்ட குறைபாடு', 'மூல காரணம்', 'எடுத்த நடவடிக்கை', 'விளைவு' என்று நான்கு கட்டம்.

ஆபீசுக்கு வந்து எங்கள் மேலாளரிடம் காட்டினேன். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். நின்றபடியே படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "குறைபாடு ஏதுமில்லைன்னு போடு தம்பி. அடுத்த மாசம் தேதியை மட்டும் மாத்திக்கோ. குறைன்னு எழுதினா அதுக்கு விளக்கமும் நீதான் எழுதணும்."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் வட்டாரத்தில் ஒரு ஊராட்சியில் போர்வெல் மோட்டார் எரிந்தால் மறுபடி தண்ணீர் வர இரண்டு மூன்று வாரம் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு கோடையிலும் அதே ஊர், காலிக்குடத்தோடு அதே மறியல், அதே லாரித் தண்ணீர். இதைப் பார்த்துக்கொண்டே 'ஏதுமில்லை' என்று எழுதக் கை வரவில்லை.

நான் கேட்பது இதுதான். நம் ஊரில் அரசுத் திட்டம் எதுவாவது தன் குறையைத் தானே பார்த்துத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறதா? புதுத் திட்டம் அறிவிப்பதைச் சொல்லவில்லை. ஏற்கெனவே ஓடுகிற திட்டம் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் தேறுவதைச் சொல்கிறேன். உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது சொன்னால் நல்லது. புத்தகத்தில் இருப்பது வகுப்பிலேயே கிடைத்துவிட்டது.

---

கரிசல்காட்டான் எழுதியது:

தேறுவதாவது! ஆட்சி மாறினால் போர்டு மாறும், படம் மாறும். அவ்வளவுதான் மேம்பாடு.

சரி, நல்ல உதாரணமாகவே எடுத்துக்கொள்வோம். சத்துணவு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கினார். 1989-ல் கருணாநிதி வந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்றார். 1998-ல் வாரம் ஒன்று. 2006-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் ஐந்து. அப்புறம் ஜெயலலிதா காலத்தில் கலவை சாதம், மசாலா முட்டை. 2022-ல் காலை உணவு. இதில் எந்த முட்டையாவது மீன் முள் படம் போட்டு வந்ததா? ஒருத்தர் தட்டில் வைத்ததை அடுத்தவர் எடுத்தால் ஓட்டு போய்விடும் என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயம்தான் முட்டையைக் கூட்டியது. ஊர்க்காரன் கண்ணுக்கு முட்டை தெரியும், அதனால் கூடியது. உங்கள் படிவம் யார் கண்ணுக்குத் தெரியும்?

மேலாளர் பேச்சைக் கேளுங்கள். ரிட்டயர் ஆகும்வரை நிம்மதியாக இருக்கலாம்.

---

செவிலி அம்மா எழுதியது:

தம்பி, கரிசல்காட்டான் சொன்ன முட்டைக் கணக்கு சரிதான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஓட்டுக்குத் தெரியாத இடத்திலும் ஒன்று நடந்திருக்கிறது. நான் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராகி, சமுதாய சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள். எங்கள் வாயில் அதற்கு 'டெத் ஆடிட்' என்று பேர். காகிதத்தில் தாய் மரணத் தணிக்கை.

கர்ப்பமாக இருக்கும்போதோ, பிரசவத்திலோ, அது முடிந்து 42 நாளுக்குள்ளோ ஒரு பெண் இறந்தால், ஏன் இறந்தாள் என்று உட்கார்ந்து பேசுவது. இங்கிலாந்தில் 1952-லிருந்தே செய்கிறார்கள். தமிழ்நாட்டில் 1994-ல் ஆரம்பித்தது. 2004-ல் கட்டாயமாக்கினார்கள். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, வீட்டிலோ, போகிற வழியில் வண்டியிலோ, எங்கே நடந்தாலும் 24 மணி நேரத்துக்குள் மேலே சொல்லியாக வேண்டும்.

முதலில் என்ன ஆனது தெரியுமா? எங்கள் மாவட்டத்தில் எண்ணிக்கை ஏறியது. அதுவரை 'மஞ்சள் காமாலையில் இறந்தாள்', 'வலிப்பு வந்து போய்விட்டாள்' என்று வேறு கணக்கில் போய்க்கொண்டிருந்ததெல்லாம் எங்கள் கணக்குக்கு வந்தது. அப்போதிருந்த அதிகாரி ஏறிய நம்பரைப் பார்த்துவிட்டு யார் மீதும் பாயவில்லை. "இப்பத்தான் ஒழுங்கா எண்ணுறீங்க" என்றார். அன்றைக்கு அவர் மேஜையைத் தட்டியிருந்தால் மறு மாதமே எல்லாம் பழையபடி காமாலையாகியிருக்கும்.

கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் நாங்கள் வீட்டுக்குப் போய் மாமியார், அம்மா, புருஷன், பக்கத்து வீடு என்று எல்லாரிடமும் கேட்டு ஒரு நீளமான படிவம் எழுதுவோம். காரியம் முடிந்த வீட்டில் உட்கார்ந்து கேட்பது லேசான வேலை இல்லை. அப்புறம் கலெக்டர் முன்னால் ஆய்வு. வீட்டு ஆட்களைத்தான் முதலில் பேச வைப்பார்கள். டாக்டர், நர்ஸ் யாரும் அப்போது கூட இருக்கக் கூடாது. அவர்கள் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் எங்கள் முறை.

ஒரு கேஸ் மறக்கவே இல்லை. இரண்டாவது பிரசவம், சாயங்காலம் சுகப் பிரசவம், பிள்ளை நன்றாக இருக்கிறது. தாயை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நைட் டூட்டியில் ஒரே ஒரு நர்ஸ். அடுத்த டேபிளில் இன்னொருத்திக்கு வலி. இறந்த பெண்ணின் அம்மா கலெக்டரிடம் சொன்னது இது: "துணியெல்லாம் நனைஞ்சிருக்குன்னு ரெண்டு தடவ போய்ச் சொன்னேன் சார். பெட்ஷீட் மாத்தக் கேக்குறேன்னு நெனச்சிட்டாங்க."

அப்புறம் நேரத்தை வரிசையாகப் போட்டார்கள். குழந்தை பிறந்தது இத்தனை மணி. அம்மா முதல் தடவை சொன்னது, இரண்டாவது தடவை சொன்னது. நர்ஸ் வந்து பார்த்தது. வண்டிக்குப் போன் போட்டது, வண்டி வந்தது. அடுத்த ஆஸ்பத்திரியில் இறக்கியது. அங்கே அந்த குரூப் ரத்தம் இல்லை என்று தெரிந்தது. மறுபடி வண்டியில் ஏற்றியது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போனது. பலகையில் அந்த நேரங்களைப் பார்த்தால் எவருக்கும் புரியும். வைத்தியம் தெரியாமல் அவள் சாகவில்லை. நர்ஸ் ஒருத்தி இரண்டு இடத்தில் நிற்க முடியாதது, ரத்தம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வண்டியை அனுப்பியது, இந்த இரண்டு இடத்தில்தான் நேரம் போயிருக்கிறது.

அந்தக் கூட்டத்திலிருந்து எங்கள் மாவட்டத்தில் மாறியது என்னென்ன? பிரசவமான தாயை முதல் இரண்டு மணி நேரம் லேபர் வார்டை விட்டு மாற்றக் கூடாது. கால் மணிக்கு ஒரு தடவை வயிற்றைத் தொட்டு, துணியைப் பார்த்து, சீட்டில் எழுத வேண்டும். கூட இருக்கும் பெண்ணிடம், எவ்வளவு நனைந்தால் எங்களைக் கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் எந்த குரூப் இருக்கிறது என்ற பட்டியல் தினமும் காலையில் லேபர் ரூம் சுவரில் ஒட்ட வேண்டும். போன் போட்டுக் கேட்காமல் யாரையும் அனுப்பக் கூடாது. இதில் செலவு வைப்பது எதுவுமே இல்லை.

செலவு வைக்கும் சமாச்சாரம் மாநில அளவுக்குப் போனது. ஒரே காரணம் மாவட்டம் மாவட்டமாகத் திரும்பத் திரும்ப வந்தால் அதற்குப் பணம் ஒதுக்கினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ் போட்டு ராத்திரியும் பிரசவம் பார்க்க வைத்தது, சிசேரியனும் ரத்தமும் எந்நேரமும் கிடைக்கிற சீமாங்க் மையங்கள், தாலுகா ஆஸ்பத்திரியில் ரத்த சேமிப்பு அறை, வலிப்பு வந்தவளுக்கு அனுப்புவதற்கு முன்னாலேயே மெக்னீசியம் ஊசி, ரத்தசோகை மாத்திரையில் தேறாவிட்டால் அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்புச்சத்து மருந்தை நரம்பில் ஏற்றுவது. 2008-ல் 108 வந்தது. ரத்தப்போக்கு உள்ளவளின் காலையும் வயிற்றையும் இறுக்கிக் கட்டும் உடை வந்தது. எல்லாம் ஒரே நாளில் வரவில்லை, ஒரே அரசும் கொண்டுவரவில்லை.

கணக்கு வேண்டுமென்றால்: லட்சம் பிரசவத்துக்கு, அதாவது உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைக்கு, 2001-03-ல் 134 தாய்மார் இறந்தார்கள். அப்புறம் 111, 97, 90, 79, 66. 2018-20-ல் 54. இது எங்கள் துறை எழுதிய நம்பர் இல்லை. மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டம் தனியாக எடுப்பது. ஓட்டு கேட்டு யாரும் இந்த நம்பரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

---

மாத்திரைக்காரன் எழுதியது:

அம்மா சொன்னதை ஒட்டி ஒன்று. நான் அரசு ஆஸ்பத்திரி மருந்தாளுநர். எங்கள் பக்கத்து உதாரணம், அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தருகிற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் பதிவு செய்து 1995 தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் மருந்து வாங்குவது எப்படி இருந்தது என்று மூத்தவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

வெளியே எல்லாரும் டெண்டரைத்தான் புகழ்வார்கள். எனக்குப் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு மருந்து என்று பாஸ்புக்கில் வரவு வைத்துவிடுவார்கள். மாவட்டக் கிடங்குக்குப் போய் நமக்கு எது தேவையோ அதை எடுத்தால் அந்தத் தொகை கழியும். மேலே இருப்பவர் 'உங்களுக்கு இத்தனை பாட்டில் இருமல் மருந்து' என்று தள்ளிவிட முடியாது. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் என்ன ஓடும் என்று எனக்குத்தான் தெரியும். எடுத்த கணக்கை வைத்தே அடுத்த வருஷம் எது எவ்வளவு வாங்குவது என்று அவர்களும் முடிவு செய்யலாம். தனியாக ஒரு 'கருத்துப் படிவம்' யாரும் நிரப்ப வேண்டாம். நான் மருந்து எடுப்பதே கருத்து.

தரமும் அப்படித்தான். ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனி பேரை மறைத்து, குறியீட்டு எண் போட்டு லேபுக்கு அனுப்புவார்கள். யாருடைய மாத்திரை என்று தெரியாமல்தான் லேப் சோதிக்கும். கேரளா 2007-ல் இதே மாதிரி ஒரு கழகம் பதிவு செய்தது. ராஜஸ்தான் 2011-ல் இலவச மருந்துத் திட்டம் கொண்டுவந்தபோது அவர்களும் இந்த வழிக்கே வந்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பாஸ்புக்கில் மீதி இருக்கிறதே என்று மார்ச் மாதத்தில் தேவையில்லாததை அள்ளிக்கொண்டு வருகிற ஆட்களும் உண்டு. அது அப்புறம் எக்ஸ்பயரி ஆகும். அது தனிக் கதை.

---

எண்ணும் எழுத்தும் எழுதியது:

நான் புள்ளியியல் படித்தவன். செவிலி அம்மா சொன்ன இறக்கம் உண்மைதான். ஆனால் மொத்தமும் தணிக்கையால் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் சாலை வந்தது, செல்போன் வந்தது, பெண்கள் கூடப் படித்தார்கள், மூன்றாவது நான்காவது பிரசவம் குறைந்தது. கர்ப்பிணிகளுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகையும் 2006-ல் 6,000, 2011-ல் 12,000 என்று ஏறியது. எது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம்.

இன்னொன்று. எதை எண்ணுகிறோமோ அது மட்டும்தான் தேறும். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம். அதற்கு முந்தைய சுற்றில் 34.1. தாய் இறந்தால் கலெக்டர் கேட்பார். தேவையில்லாமல் வயிற்றைக் கிழித்தால் யார் கேட்கிறார்கள்?

---

வட்டார உதவியாளர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. செவிலி அம்மா, உங்களிடம் இரண்டு கேள்வி. ஒன்று, நர்சும் டாக்டரும் அந்தக் கூட்டத்தில் உண்மையைச் சொன்னார்களா? எங்கள் ஆபீசில் ஒரு குறையைச் சொன்னால் அடுத்த தபாலில் மெமோ வரும். இரண்டாவது, இதை மோட்டார் எரியும் விஷயத்துக்கு எப்படிப் பொருத்துவது?

---

செவிலி அம்மா எழுதியது:

முதலில் எண்ணும் எழுத்தும் தம்பிக்கு. நீங்கள் சொல்வது சரி. ஒன்று கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். தணிக்கைக்குப் பயந்து கைகழுவி விடும் பழக்கமும் வளர்ந்திருக்கிறது. கொஞ்சம் பிரஷர் ஏறினாலும் 'நம்ம இடத்துல ஏதாவது ஆயிடக் கூடாது' என்று மேலே அனுப்பிவிடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து லேபர் ரூம் காலியாகக் கிடக்கிறது, மெடிக்கல் காலேஜில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். ஆடிட் நடத்துகிறவர்கள் இதையும் எண்ணியிருக்க வேண்டும்.

இப்போது உதவியாளர் தம்பிக்கு. உண்மை சொன்னார்களா என்றால், நடத்துகிற ஆளைப் பொறுத்தது. ஆடிட் என்பது பழி போட இல்லை என்றுதான் மத்திய அரசின் 2010 வழிகாட்டியிலும் இருக்கிறது. நடைமுறை வேறு. ஒரு கலெக்டர் இருந்தார். ஆரம்பத்திலேயே "யாருக்கும் மெமோ கிடையாது, நேரத்தை மட்டும் சரியாச் சொல்லுங்க" என்பார். அவர் காலத்தில் டிரைவர் கூட எழுந்து, "டயர் பஞ்சர், ஸ்டெப்னி இல்ல" என்று சொன்னான். மறு வாரம் எல்லா வண்டிக்கும் ஸ்டெப்னி வந்தது. அடுத்து வந்தவர் முதல் கூட்டத்திலேயே ஒரு நர்சுக்கு 17 பி, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு, கொடுத்தார். அவ்வளவுதான். அதற்கப்புறம் வந்த கேஸ் ஷீட்டெல்லாம் பார்க்க அவ்வளவு அழகு. எல்லா நேரமும் முழு மணியில் இருக்கும், எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. நள்ளிரவில் ஓடியாடி எழுதின சீட்டு அப்படி இருக்குமா? அரசு டாக்டர்கள் இந்தக் குறையை இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதில் நியாயம் உண்டு. குடித்துவிட்டு டூட்டிக்கு வந்தவனை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை வேறு அறையில் வேறு நாளில் விசாரிக்கட்டும்.

இரண்டு மாவட்டத்துக்கு நடுவில் விழுகிற கேஸ் பற்றியும் சொல்ல வேண்டும், அது உங்களுக்கு உதவும். நம் ஊரில் வளைகாப்பு முடிந்தால் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். மாமியார் ஊர் நர்சிடம் பேர் பதிந்திருக்கும். அம்மா ஊர் நர்சுக்கு அவள் வந்ததே தெரியாது. பிரஷர் இருந்தது, சர்க்கரை இருந்தது எல்லாம் அந்த ஊர் நோட்டில் தூங்கும். இறந்துவிட்டால் இந்த மாவட்டம் 'அவங்க கேஸ்' என்னும், அந்த மாவட்டம் 'எங்க ஊர்ல நடக்கல' என்னும். பல கூட்டங்களில் இதே சண்டை. பிறகு 2008 வாக்கில் பிக்மி என்று கம்ப்யூட்டர் பதிவு வந்தது. ஒரு தாய்க்கு ஒரு எண், எந்த ஊருக்குப் போனாலும் அதே எண். அதைக் கூட ஜனங்கள் முதலில் வாங்கவில்லை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும் என்று ஆக்கிய பிறகு புருஷன்மார்களே வந்து கேட்டு வாங்கினார்கள்.

சரி, உங்கள் மோட்டார். படிவத்தை விடுங்கள். 'மூல காரணம்' என்ற கட்டத்தில் எல்லாரும் 'நிதிப் பற்றாக்குறை' என்றுதான் எழுதுவார்கள். நீங்கள் ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். கடைசியாக எரிந்த ஒரே ஒரு மோட்டாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எரிந்தது என்றைக்கு, முதலில் யாருக்குத் தெரிந்தது, ஊராட்சிச் செயலருக்கு யார் எப்போது சொன்னார்கள், மெக்கானிக் என்றைக்கு மேலே தூக்கினார், எஸ்டிமேட் என்றைக்கு, செக் என்றைக்கு, மறுபடி இறக்கியது என்றைக்கு. யார் தவறு என்று ஒரு வார்த்தை எழுதாதீர்கள், தேதி மட்டும். டேங்க் ஆபரேட்டரை முதலில் கேளுங்கள், தலைவரை அப்புறம். ஆபரேட்டரோடு பேசும்போது தலைவர் பக்கத்தில் நிற்கக் கூடாது.

---

கரிசல்காட்டான் எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்குக் கலெக்டர் உட்கார்ந்தார், மேலே சுகாதாரச் செயலர் வரைக்கும் கேட்டார்கள். எரிந்த மோட்டாருக்கு யார் உட்காருவார்? தம்பி தாள் எழுதி டிராயரில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

---

வட்டார உதவியாளர் எழுதியது:

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். அம்மா சொன்னபடி அந்த ஊர் மோட்டாருக்குத் தேதி வரிசை போட்டேன். ஆபரேட்டர் ஒரு காலண்டர் வைத்திருக்கிறார், தினத்தாள் கிழிக்கிற காலண்டர். கிழித்த தாளின் பின்பக்கத்தில் எல்லாம் எழுதி ஒரு கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். என்றைக்கு எத்தனை மணிக்கு மோட்டார் போட்டது, எப்போது கரண்ட் போனது, எப்போது புகை வந்தது, எல்லாம் இருக்கிறது. அதை இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

மோட்டார் கழற்றி, எரிந்த காயிலை (கம்பிச் சுருளை) மறுபடி கட்டி இறக்க நான்கு நாள்தான். மீதி இரண்டு வாரமும் காசோலைக்குப் போயிருக்கிறது. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் தேர்தலிலிருந்து பேச்சு இல்லை. மெக்கானிக் கடைக்குப் பழைய பாக்கி இருப்பதால் முன்பணம் இல்லாமல் அவர் மோட்டாரைத் தொடுவதில்லை. நிதி கணக்கில் இருந்திருக்கிறது. நிதிப் பற்றாக்குறை என்று எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும்.

இன்னொன்றும் அந்தத் தாள்களில் தெரிந்தது. எரிந்த மூன்று தடவையும், மூன்று பேஸ் கரண்டில் இரண்டு பேஸ் மட்டும் வந்த ராத்திரிதான். அப்படி வந்தால் மோட்டாரை நிறுத்துவதற்கு ஸ்டார்ட்டரில் இருக்க வேண்டிய தடுப்பான் எப்போதோ கெட்டுப்போய், நேரடியாக ஒயர் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மேலாளரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுதாகப் படித்தார். "இதை அந்தப் படிவத்துல ஏத்தாதே, தலைவர் கோவிச்சுப்பார். தனித் தாளா பிடிஓ கிட்டக் கொடு. துணைத் தலைவர் பேரு எங்கேயும் வர வேண்டாம். தடுப்பானுக்கு முதல்ல கேளு, அது சின்னத் தொகை, போட்டுடலாம்" என்றார். கொடுத்திருக்கிறேன். தடுப்பான் மாட்டச் சொல்லி பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) எழுதிவிட்டார். மெக்கானிக் பாக்கி பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார். காசோலை விஷயத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார், அவ்வளவுதான்.

மாதப் படிவத்தில் இந்த மாதமும் 'ஏதுமில்லை' என்றுதான் போயிருக்கிறது.

---

செவிலி அம்மா எழுதியது:

போகட்டும். அந்தக் காலண்டர் தாள்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, மழையில் நனைந்துவிடப் போகிறது. மற்ற ஊர் ஆபரேட்டர்களிடமும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். இன்னும் இரண்டு ஊரிலும் ஸ்டார்ட்டர் இப்படியே இருந்தால், எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே எஸ்டிமேட்டாகக் கேட்கலாம். அப்போது ஒரு தலைவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.